கஸ்தூரியின் வயலில் நெல் போட்ட வருஷம்

“நீயே பொளந்து பாருக்கா. என்னால முடியாது” என்று சொல்லி, கஸ்தூரி கத்தியை என்னிடம் நீட்டினாள்.

காலை எட்டு மணி இருக்கும். ஊத்துக்கோட்டைக்குப் போகிற வழியில் ஏரிக்குக் கீழே இருக்கிற அவளுடைய வயலில் நின்றுகொண்டிருந்தோம். வயல் முழுக்க என் தலைக்கு மேலே கரும்பு. கண் பட்டுவிடுமோ என்று பயப்படும்படியான பச்சை. வடகிழக்கு மூலையில் மட்டும் பத்துப் பன்னிரண்டு தூர்கள், தோகை மஞ்சளாகி ஓரம் காய்ந்து நின்றன.

கஸ்தூரியின் கணவர் லோகநாதன் வரப்பில் குந்தியிருந்தார். மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மூன்று பேரும் ஒரே கேள்விக்காகத்தான் அங்கே நின்றோம். அந்த மஞ்சள் கரும்பைப் பிளந்தால் உள்ளே வெள்ளையா, சிவப்பா?

சிவப்பாக இருந்தால் நிலம் போச்சு. லோகநாதன் முன்னாடியே சொல்லிவிட்டார். “இது கடைசி தபா. இந்தக் கரும்பும் செத்துச்சுன்னா நெலத்தக் கோடவுன்காரனுக்குக் குடுத்துடுவேன். அப்பால யாரும் அழக்கூடாது.” பக்கத்து நிலம் வரைக்கும் கோடவுன்களின் தகரக் கூரை வந்தாயிற்று. அவர் சும்மா மிரட்டுகிறவர் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை கரும்பு என் கை பட்டு ஜூஸ் மிஷினுக்குள் போகிறது என்று எனக்கே தெரியாது. அந்தக் கை அன்றைக்கு எழும்பவில்லை. பயம். அதில் பாதி கஸ்தூரிக்கும் இருந்த பயம்தான். மீதிப் பாதி அவளுக்குத் தெரியாது. அவள் வயலுக்குள் அந்தச் சிவப்பை முதன்முதலில் கொண்டுவந்து விட்டவளே நான்தான்.

போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணப் பந்தியில் குழம்பு தீர்ந்துபோன கதையை எழுதினேன். படித்துவிட்டுக் கடைக்கே வந்து சிரித்தவர்கள் உண்டு. இந்த வாரம் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

எண்ணூர் ரோட்டில் ஒரு மிஷின்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் ஸ்டெல்லா. பிறந்தது ராயபுரத்தில், மாதா கோயில் மணி கேட்கிற ஒரு சந்தில். வாழ்க்கைப்பட்டது திருவொற்றியூரில். என் வீட்டுக்காரர் அந்தோணி துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டுகிற வேலை பார்த்தவர். முதுகு போனதும் வேலையும் போனது. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து எண்ணூர் ரோட்டு ஓரமாகக் கரும்பு ஜூஸ் மிஷின் போட்டோம். அவர் தோல் சீவுவார், நான் பிழிவேன். வாய் பேசுகிற வேலையும் என்னுடையதுதான்.

லோகநாதன் அப்படி ஜூஸ் குடிக்க வந்தவர். ஒரு நாள் பாதி டம்ளரிலேயே நிறுத்திவிட்டு, “இன்னாக்கா கரும்பு இது, சப்புனு கீது. எங்க வூட்டுக் கரும்பக் குடிச்சுப் பாரு, அப்பால இத்த எடுத்துக் கடாசிடுவ” என்றார். எனக்கு வந்த கோபத்தில் “எத்தினி பேர்யா இப்டி சொல்லிட்டுப் போயிருக்கீங்க, கொண்டாந்து காட்டேன்” என்று கத்திவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையே கஸ்தூரி மினி வேனில் கரும்புக் கட்டுகளோடு வந்து இறங்கினாள். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் கரும்புதான். வேனை அனுப்பிவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். என் நெத்திலிக் குழம்புக்காகத்தான் அவள் கரும்பே போடுகிறாள் என்று அந்தோணி கிண்டல் செய்வார். எனக்குக் கூடப் பிறந்த தங்கை கிடையாது. அவள் வந்த பிறகு அந்தக் குறை மறந்துபோயிற்று.

இஞ்சி

ஊரடங்கெல்லாம் ஓய்ந்து, ரோட்டில் லாரிகள் மறுபடி வரிசை கட்ட ஆரம்பித்திருந்த சமயம். கஸ்தூரியின் வயலில் மறுதாம்பு தேய்ந்துவிட்டது. வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி வளரவிடுகிற கரும்பை அப்படிச் சொல்வார்கள். இரண்டு மூன்று தடவைக்கு மேல் அது தாங்காது. புதிதாக நட அவள் விதைக்கரணை, அதாவது நடுகிற கரும்புத் துண்டு, தேடிக்கொண்டிருந்தாள். நான் வேறு இடத்துக் கரும்பு லோடு வாங்கிக் கடையை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த லோடு எந்த ஊரிலிருந்து வந்தது என்று லாரிக்காரருக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் கரும்பா அது! மணிக்கட்டு தடிமன். பிழிந்தால் டம்ளர் வழிகிறது. “கஸ்தூரி, வெதைக்கு நீ எங்கியும் அலையாத. நான் அனுப்பறேன்” என்று போனில் சொன்னேன்.

கரும்பின் நுனிப்பக்கம் இனிக்காது. ஜூஸ் போடுகிற நாங்கள் அதை வெட்டி மாட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவோம். விவசாயிக்கோ அந்த நுனிப்பக்கம்தான் நல்ல விதை, முளைக்கிற பரு இளசாக இருக்கும். எனக்கு வேண்டாதது அவளுக்கு வேண்டும், இதைவிட வசதி ஏது? அடிப்பக்கத்தைப் பிழிந்து வாயில் வைத்துப் பார்ப்பேன். தித்திப்பு உச்சந்தலைக்கு ஏறினால் அந்தக் கரும்பின் நுனி கஸ்தூரிக்கு. நாக்கை வைத்து விதை பொறுக்கியவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டாம் நாள் கடையில் ஒரு புளித்த வாடை. கள்ளு மாதிரி. “யோவ், இன்னாய்யா வாடை இது?” என்றேன்.

“காத்து மணலி கம்பெனிங்க பக்கத்துலேர்ந்து வருது. மூக்கப் பொத்திகினு வேலையப் பாரு” என்றார் அந்தோணி.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு வியாதி. எந்த வாடை வந்தாலும் காற்றின் மேல் பழி போட்டுவிடுவோம். வீட்டில் பால் திரிந்தால்கூட முதலில் ஜன்னலைத்தான் சாத்துவோம். அத்தனை வருஷப் பழக்கம். நானும் அன்றைக்குப் படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மூக்கு ஏமாந்தது, கண் ஏமாறவில்லை. அன்று மத்தியானம் மிஷின் வாயில் நுழையாத ஒரு கரும்பை இரண்டாகப் பிளந்தேன். உள்ளே சிவந்திருந்தது. சிவப்புக்குக் குறுக்கே அங்கங்கே வெள்ளைத் திட்டு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இப்படி ஒன்றைப் பார்த்தால் என்ன செய்வோம் என்பதை இன்று சொல்லிவிடுகிறேன். ரொம்பச் சிவப்பை வீசிவிடுவோம். லேசான சிவப்பு என்றால் இஞ்சி ஒரு துண்டு கூட, எலுமிச்சை அரை மூடி கூட. யாருக்கும் தெரியாது. நானும் அதைத்தான் செய்தேன். குடித்தவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு போனார்கள்.

எடுத்து வைத்திருந்த நுனிகளைப் புரட்டிப் பார்த்தேன். அவை வெள்ளையாகத்தான் இருந்தன. ஈரச் சாக்கில் சுற்றி வேனில் ஏற்றி அனுப்பினேன். சிவப்பைப் பற்றிக் கஸ்தூரியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்துக்கூட அல்ல. சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஆபீசர் கேட்ட கேள்வி

அந்தக் கரும்பு முதல் ஐந்து மாதம் ஆளை மயக்குகிற மாதிரி வளர்ந்தது. “அக்கா குடுத்த வெதை” என்று கஸ்தூரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மழைக்காலம் வந்ததும் போன் வந்தது. “அக்கா, தோகை காயுதுக்கா. ஒண்ணு காஞ்சா மறுநாளு பத்து காயுது.”

ரெட்ஹில்ஸ் மாறி, பெரியபாளையம் தாண்டிப் போய் இறங்கினேன். வயல் பாதி காய்ந்து கிடந்தது. விவசாய ஆபீசர் ஒருவர் வந்திருந்தார். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசாதவர். ஒரு கரும்பைப் பிளந்து எங்கள் முகத்துக்கு நேராக நீட்டினார். அதே சிவப்பு. அதே வெள்ளைத் திட்டு. அதே புளித்த கள்ளு வாடை. அங்கே மணலிக் காற்று ஏது?

“இதுக்குப் பேரு செவ்வழுகல். விதையோட வர்ற நோய்” என்றார் ஆபீசர். “கரணை எங்க வாங்கினீங்க?”

“இந்த அக்காதான் குடுத்தாங்க சார். ஒவ்வொண்ணையும் வாயில வெச்சுப் பாத்துப் பொறுக்கி அனுப்பினாங்க” என்று கஸ்தூரி எனக்காகப் பரிந்து பேசினாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். “அந்தக் கரும்புல எங்கயாவது செவப்பு பாத்தீங்களாம்மா?”

“இல்ல சார்” என்றேன்.

இரண்டே வார்த்தை. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல முட்டி போட்டபோதுகூட அந்த இரண்டு வார்த்தையைத் தொடாமல் சுற்றி வந்திருக்கிறேன்.

சேறு

“வேரோட புடுங்கி எரிச்சிடுங்க” என்றார் ஆபீசர். “மறுபடியும் உடனே கரும்பு நட்டா மறுபடியும் வரும். ஒரு போகம் நெல்லு போடுங்க. சேத்துல தண்ணி கட்டி நின்னா மண்ணுல மிச்சம் இருக்கற நோய் ரொம்ப நாள் தாக்குப் பிடிக்காது. ஆனா பழைய கரும்புக் கட்டை ஒண்ணுகூட உயிரோட இருக்கக் கூடாது. அது துளிர்த்தா நோயும் கூடவே எந்திரிக்கும்.” போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். நெல்லுக்குச் சேறடித்தால் அடிமண் கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் கரும்பு நடும் முன்னால் உளிக்கலப்பை விட்டு ஆழமாக உடைக்க வேண்டும் என்றார். அதை எங்களில் யாரும் காதில் சரியாக வாங்கவில்லை.

கரும்பு எரிகிற புகை அன்றைக்கு முழுக்க என் புடவையில் இருந்தது. சேறடித்து, தண்ணீர் கட்டி, நெல் நட்டார்கள். பதினைந்தே நாள். நாற்றுக்கு நடுவில் அங்கங்கே கரும்புத் துளிர் முளைத்து எட்டிப் பார்த்தது. எத்தனை தோண்டினாலும் மண்ணுக்குள் ஒரு துண்டாவது மிஞ்சிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். கடலோரத்தில் வளர்ந்தவள், அலை எனக்குப் பழக்கம். சேறு பழக்கமில்லை. கால் எங்கே போகிறது என்று தெரியாது, எதையோ மிதிக்கிற மாதிரியே இருக்கும். முதல் நாள் வரப்பில் வழுக்கிப் புடவையோடு விழுந்தேன். கஸ்தூரி விழுந்து விழுந்து சிரித்தாள். “அக்காவையும் சேத்து நடவு போட்டாச்சு” என்று கத்தினாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

ஒவ்வொரு துளிரையும் கட்டையோடு தோண்டி எடுத்துச் சாக்கில் போடுவேன். ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்தில் இன்னொன்று இருக்குமோ என்று பயம். கை, கால், கத்தி எல்லாவற்றையும் வரப்பில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன், இன்னொரு தடவையும் நானே எதையாவது கொண்டுபோய் வைத்துவிடுவேனோ என்று. திருவொற்றியூரிலும் அந்தப் பயம் விடவில்லை. மிஷினில் விடுவதற்கு முன் ஒவ்வொரு கரும்பையும் பிளந்து பார்த்தேன். “இன்னாக்கா, கரும்புக்கு ஆபரேஷன் பண்ணிகினு கீற? தாகத்துக்கு வந்தவன் செத்துடுவான் போல” என்று லாரிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். அந்தோணிக்கு மட்டும் காரணம் தெரியும். அவர் எனக்கு இன்னொரு கரும்பை எடுத்துக் கொடுப்பார்.

நெல் நன்றாக விளைந்தது. புது அரிசி ஒரு மூட்டை கஸ்தூரி வீட்டிலிருந்து வந்தது. அந்தோணி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் எனக்கு மட்டும் தனியாக ரேஷன் அரிசி வடித்துக்கொண்டேன்.

அறுவடை சமயத்தில் விடாத மழை. நெல்லை அறுத்து முடிக்கவே தாமதமாகிவிட்டது. கரும்பு நடுகிற பருவம் தப்பிவிடுமோ என்று கஸ்தூரிக்குப் பதற்றம். கிடைத்த டிராக்டரை வைத்து மேலாக உழுதுவிட்டு, ஆபீசர் காட்டிய நாற்றங்காலிலிருந்து சுத்தமான கரணை வாங்கி நட்டார்கள். இந்தத் தடவை நான் ஒரு கரணையைக்கூடத் தொடவில்லை.

நெல்லுக்குப் பின்னால் வந்த அந்தக் கரும்பு அழகாக வந்தது. போன தடவை பிடுங்கி மாளாத களையில் பாதிகூட இல்லை. மண்ணுக்குள்ளிருந்து வேரைக் கடிக்கிற புழுவையும் காணோம், தண்ணீர் கட்டியதில் செத்திருக்கும் என்றாள் கஸ்தூரி. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. போன் அடித்தால் அவள் பெயர் வந்துவிடக் கூடாதே என்று இருக்கும்.

கடைசியில் வந்தது. “அக்கா, மூலையில மஞ்சளா தெரியுது.”

மூலை

அப்படித்தான் அன்றைக்குக் காலையில் கத்தியோடு நின்றேன்.

“இன்னா பாத்துகினே கீற? பொளக்கா” என்றார் லோகநாதன். அவரும் வரப்பிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

தூரோடு ஒரு கரும்பை வெட்டினேன். அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பாகப் பிளந்தேன். கண்ணை மூடிக்கொண்டு முதலில் முகர்ந்தேன். பச்சைக் கரும்பு வாசனை. கண்ணைத் திறந்தேன். வெள்ளை. ஒவ்வொரு கணுவும் வெள்ளை. நம்பாமல் இன்னொன்று பிளந்தேன். அப்புறம் இன்னொன்று. வெறி பிடித்தவள் போல எட்டு ஒன்பது கரும்பைப் பிளந்திருப்பேன். “போதும்க்கா, வயலையே காலி பண்ணிடுவ” என்று கஸ்தூரி என் கையைப் பிடித்தாள்.

“அப்ப ஏன் மஞ்சளா போச்சு?” என்று கேட்டுக்கொண்டே லோகநாதன் ஒரு தூரைக் கடப்பாரையால் நெம்பிக் கிளப்பினார். வேர் கீழே இறங்கவே இல்லை. ஒரு சாண் ஆழத்தில் பக்கவாட்டில் படர்ந்து பின்னிக் கிடந்தது. குழிக்குள் தண்ணீர் வடியாமல் நின்றது. கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். கல்லில் பட்டது போல எகிறியது. நெல்லுக்குச் சேறடித்து இறுகிய மண். மற்ற இடத்தில் வேர் எப்படியோ வழி பார்த்துக்கொண்டது. மூலை பள்ளம், அங்கே முடியவில்லை. உளிக்கலப்பை என்று ஆபீசர் சொன்னது அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது.

“நோயில்லடி, மண்ணு. மண்ணுதான்!” என்று லோகநாதன் கத்தினார். கோடவுன் பேச்சை அவர் அதற்கப்புறம் எடுக்கவில்லை. அந்த இடத்திலேயே நின்று, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

கஸ்தூரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நீ வந்து ஒவ்வொரு கட்டையா தோண்டலன்னா இந்த நெலம் என் கையில நிக்குமாக்கா?”

அப்போது சொல்லியிருக்கலாம். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், வாயைத் திறந்திருந்தால் ஒருவேளை அந்தச் சந்தோஷத்திலேயே என் தப்பும் கரைந்து போயிருக்கும். நான் சொல்லவில்லை. நிலம் பிழைத்துவிட்டது என்ற பிறகுதான் எனக்கு நிஜமான பயமே வந்தது. இனி இழப்பதற்கு அவள் மட்டும்தான் பாக்கி.

நேற்று

அந்தக் கரும்புதான் இப்போது எங்கள் மிஷினில் ஓடுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் வேன் வருகிறது. இந்தத் தொடரையும் கஸ்தூரி விடாமல் படிக்கிறாள். படித்துவிட்டுப் போனில் கூப்பிட்டு, “என்னைப் பத்தி எப்பக்கா எழுதுவ?” என்று கேட்பாள்.

எழுதினேன். அச்சில் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று, இதுவரை எழுதிய அத்தனையையும் நேற்று மத்தியானம் போனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இஞ்சி வந்த இடத்திலும் நிறுத்தாமல் படித்தேன். முடித்த பிறகு அந்தப் பக்கம் வயல் மோட்டார் ஓடுவது மட்டும் கேட்டது.

“அக்கா” என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஞாயித்துக்கெழம ஆனா பஸ்ஸேறி வந்து, முட்டி வரைக்கும் சேத்துல நின்னு புடுங்குவியேக்கா. கூடப் பொறந்தவகூட இப்படி வரமாட்டான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். நீ எனக்காக வர்றன்னு நெனச்சேன்.”

“உனக்காகவும்தான் கஸ்தூரி” என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

இன்று வியாழக்கிழமை; நாளைக்குக் கஸ்தூரியின் வேன் வர வேண்டும். அந்தோணி மிஷினைத் துடைத்துவிட்டு வந்து, “வேற எடத்துல லோடு சொல்லி வெக்கட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.